முத்துப் பண்ணைக்குப் போகிறவர்கள் எதைக் கேட்பது, எதைப் பார்ப்பது

இடம் பதிவு செய்யும்போதே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: "நாங்கள் வருகிற அன்று ஒட்டு வைக்கிற மேசையில் ஆள் இருப்பாரா?" முத்து விளைவதற்காக வேறொரு சிப்பியின் சதைத் துண்டையும் ஓர் உருண்டை மணியையும் சிப்பிக்குள் வைப்பதைத்தான் ஒட்டு வைப்பது என்கிறார்கள். இந்தப் பதிலை வைத்தே போகலாமா வேண்டாமா என்று பாதி முடிவு செய்துவிடலாம்.

வெப்பமண்டலத் தீவுகளில் முத்துப் பண்ணை என்ற பெயரில் பயணிகளுக்குக் காட்டப்படுபவை பல தினுசு. சில இடங்களில் அது நகைக்கடையின் முன்னறை மட்டும்தான்: ஒரு கண்ணாடித் தொட்டி, நாலைந்து சிப்பி, பத்து நிமிடப் பேச்சு, பிறகு நேராக விற்பனைப் பகுதி. சில இடங்களில் கடலில் நிஜமாகவே சிப்பி வளர்கிறது, ஆனால் வருகிறவர்கள் கரையோடு சரி. படகில் ஏற்றிக் கயிற்றுப் பக்கம் கொண்டுபோய், கூடையைத் தூக்கிக் காட்டி, ஒட்டு மேசையருகே நின்று பார்க்கவும் விடுகிற பண்ணைகள் குறைவு. ஒரு நாளைச் செலவழிக்கத் தகுந்தவை அவைதான். பிரெஞ்சு பாலினேசியாவின் ரங்கிரோவா, தஹா போன்ற தீவுகளிலும், ஃபிஜியின் சவுசவு பகுதியிலும் இப்படி வேலை நடக்கிற பண்ணைகளைப் பார்க்க முடிகிறது.

ஒட்டு வைப்பவர்கள் பல பண்ணைகளில் நிரந்தர ஊழியர்கள் அல்ல. ஒப்பந்தத்தில் பண்ணை பண்ணையாகச் சுற்றுகிறவர்கள். ஒரு பண்ணையில் சில வாரம் இருந்து, தயாராக இருக்கும் சிப்பிகளை முடித்துவிட்டு அடுத்த தீவுக்குப் போய்விடுவார்கள். அவர்கள் இல்லாத நாளில் போனால் வெறும் மேசையையும், கண்ணாடிக்குள் வைத்த கருவிகளையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் வேலை இருக்காது. காலை நேரம் நல்லது: காற்று குறைவு, தண்ணீர் தெளிவு, வேலையும் சூடுபிடித்திருக்கும்.

எந்தச் சிப்பி என்பதைத் தெரிந்துகொண்டு போனால் பாதிப் பேச்சு தானாகப் புரியும். கடல்முத்து வளர்ப்பில் முக்கியமான சிப்பிகள் மூன்று. ஓட்டின் உள் விளிம்பு கருத்திருக்கும் கருவிளிம்புச் சிப்பியின் விலங்கியல் பெயர் பிங்க்டாடா மார்கரிட்டிஃபெரா. டாஹிட்டி முத்து என்று விற்கப்படுவது இதிலிருந்து வருகிறது. குக் தீவுகளிலும் ஃபிஜியிலும் வளர்ப்பதும் இதையே. வெள்ளி அல்லது பொன் விளிம்புள்ள பெரிய சிப்பி பிங்க்டாடா மாக்ஸிமா. ஆஸ்திரேலியாவின் புரூம், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மியான்மர் கடல்களில் வளர்க்கிறார்கள். தென்கடல் முத்து இதனுடையது. மூன்றாவது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அகோயா. ஜப்பானின் பெயரைச் சொல்கிற முத்து இது. தீவுப் பயணத்தில் கண்ணில் படுவது பெரும்பாலும் முதல் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

கடலில் என்ன நடக்கிறது

பண்ணைக்குச் சிப்பி வருகிற வழி இரண்டு. சில பண்ணைகள் குஞ்சுப் பொரிப்பகத்திலிருந்து வாங்குகின்றன. பவளத் தீவுகளில் பெரும்பாலும் கடலிலிருந்தே பிடிக்கிறார்கள், அதிலும் வலை வீசி அல்ல. முட்டையிலிருந்து வந்த இளம்புழு இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் மிதந்து திரிந்துவிட்டு, உட்கார ஓர் இடம் தேடும். அந்தச் சமயத்தில் நிழல்வலைத் துணியை நாடா நாடாவாகக் கிழித்து, கொத்தாகக் கட்டி, சில மீட்டர் ஆழத்தில் நீள்கயிற்றில் தொங்க விட்டிருப்பார்கள். புழு அதில் ஒட்டிக்கொண்டு சிப்பியாகிறது. கையகலம் வருவதற்கு ஓராண்டுக்கு மேல் ஆகும். படகில் போகும்போது இந்தக் கொத்து ஒன்றைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். நகத்தளவு சிப்பிகளுக்கு நடுவே வேண்டாத சிப்பி, நண்டு, கடற்பஞ்சு, பாசி என்று ஒரு குட்டிக் கடலே அதில் குடியிருக்கும். இதிலிருந்து வேண்டியதைப் பிரித்தெடுப்பது அலுப்பூட்டும் வேலை, அதனால்தானோ என்னவோ பார்வையாளர்களுக்கு இதை யாரும் வலியக் காட்டுவதில்லை.

கையகலம் வளர்ந்ததும் இரண்டு ஓடும் சேரும் கீல் பக்கத்து ஓரத்தில் சிறு துளை போட்டு, கயிற்றில் ஜோடி ஜோடியாகக் கோத்துத் தொங்கவிடுவது ஒரு முறை. பையறை வைத்த தட்டை வலைகளில் ஒவ்வொன்றாக நிறுத்தி வைப்பது இன்னொரு முறை. துளை ஓட்டில் மட்டும் விழ வேண்டும். உள்ளே இறங்கிச் சதையைத் தொட்டால் சிப்பி தளர்ந்துவிடும். இந்தக் கயிறுகளைத் தாங்குவது தண்ணீர் மட்டத்துக்குக் கீழே நீளமாக ஓடும் முதன்மைக் கயிறு. இடையிடையே மிதவை, முனைகளில் கான்கிரீட் கட்டை. மட்டத்துக்குச் சில மீட்டர் கீழே வைப்பதற்குக் காரணம் இருக்கிறது: அலை ஆட்டாது, படகு முட்டாது, மேல்மட்டத் தண்ணீரின் சூடும் குறையும்.

வலை எதற்கு என்று கேட்டால் எதிரிகளின் பட்டியல் கிடைக்கும். கிளாத்தி மீன் இளம் ஓட்டின் விளிம்பைக் கடித்து உடைக்கும். பேத்தை மீனும் அப்படியே. திருக்கை மொத்தமாக நசுக்கும். பேய்க்கணவாய் பொறுமையாகத் திறந்து தின்னும். கடலாமையும் விடாது. ஒரே இரவில் ஒரு கயிறு காலியாவதும் உண்டு. ஆனால் பண்ணைக்காரரின் அன்றாடத் தொல்லை இவை அல்ல. ஓட்டின் மேல் படிகிறவைதான் பெரிய தலைவலி: கொட்டலசு, கடற்பஞ்சு, பாசி, வேறு சிப்பிகள். இவை கூடினால் ஓடு திறந்து மூடக் கனக்கும், தண்ணீர் ஓட்டம் குறையும், இரையில் பங்கு போய்விடும். சில வகைக் கடற்பஞ்சும் புழுக்களும் ஓட்டையே துளைத்து உள்ளே போகும். எனவே சில வாரத்துக்கு ஒருமுறையோ சில மாதத்துக்கு ஒருமுறையோ, இடத்துக்கு ஏற்ப, ஒவ்வொரு சிப்பியையும் எடுத்து அழுத்த நீரால் அடித்துக் கத்தியால் சுரண்டியாக வேண்டும். முத்து ஏன் இந்த விலை என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. சுத்தம் செய்யும் படகு இருந்தால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், அதற்கு மேல் அதில் விளக்க ஒன்றுமில்லை.

கூட்டம் அதிகமானால் சிப்பிக்கு நோய் வரும். 2000ஆம் ஆண்டின் இறுதியில் குக் தீவுகளின் மனிஹிகியில் விப்ரியோ வகைப் பாக்டீரியா தாக்கிப் பண்ணைகள் பெரும் இழப்பைச் சந்தித்தன. காற்றில்லாமல் தேங்கிய சூடான தண்ணீர், அளவுக்கு மீறிய சிப்பி நெருக்கம் இரண்டும் அதற்கு வழிவிட்டன. பவளப் பாறை வளையத்துக்குள் அடங்கிய லகூனில் தண்ணீர் மாறுவதே மெதுவாகத்தான். ஒரு கயிற்றுக்கும் இன்னொன்றுக்கும் எவ்வளவு இடைவெளி விடுகிறீர்கள், வெப்பத்தை எவ்வளவு நாளுக்கு ஒருமுறை அளக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் பதில் சொல்கிற பண்ணை கவனமாக நடக்கிற பண்ணை.

ஒட்டு மேசை

வந்த நேரத்தில் பெரும்பகுதியை இங்கே செலவழியுங்கள்.

மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்பது நம் பழங்கதை. மணல் துகள் போய் முத்தாகிறது என்பது அதைவிட அறிவியல் போலத் தோன்றும் இன்னொரு கதை. மணலோடே வாழ்கிற உயிர் அது, உள்ளே வரும் மணலைத் துப்பத் தெரியும். முத்து உண்டாகத் தேவைப்படுவது துகள் அல்ல, சதை. ஓட்டின் உட்புறத்தை ஒட்டி மடிப்பாக விரிந்திருக்கும் மெல்லிய சவ்வை மேன்டில் என்பார்கள். ஓட்டின் பளபளக்கும் உள்பூச்சைச் சுரப்பது அதன் வெளிப்புறச் செல்கள்தான். அந்தச் செல்கள் எப்படியோ உடலுக்குள் புகுந்து ஒரு பையாக வளர்ந்தால், அந்தப் பைக்குள் பூச்சு சுரந்து முத்தாகிறது. இயற்கையில் இது தற்செயல். ஒட்டு மேசையில் நடப்பது அதே தற்செயலைக் கையால் நடத்தி வைப்பது.

இந்த நுட்பம் ஜப்பானில் உருவானது. கோகிச்சி மிக்கிமோட்டோ 1893இல் ஓட்டோடு ஒட்டிய அரைக்கோள முத்தை எடுத்தார். உருண்டை முத்துக்கான வழி அடுத்த பத்திருபது ஆண்டுகளில் நிஷிகாவா, மிசே ஆகியோர் பெயரில் நிலைபெற்றது. இன்றைக்கும் மேசையில் கேட்கிற சொற்களில் சில ஜப்பானியம். ஒட்டுத் துண்டுக்குச் சைபோ என்றே பெயர்.

வேலை இப்படிப் போகும். முதலில் தானச் சிப்பி. ஓட்டின் உள்நிறம் அழகாக இருக்கும் ஒரு நல்ல சிப்பியைத் தேர்ந்து அறுத்து, மேன்டிலின் விளிம்பிலிருந்து நீளப் பட்டையாகச் சதையை எடுப்பார்கள். ஓரத்துக் கறுப்புப் பகுதியைச் சீவி நீக்கிவிட்டு, பட்டையை இரண்டு மூன்று மில்லிமீட்டர் சதுரங்களாக நறுக்குவார்கள். ஒரு சிப்பி பல சிப்பிகளுக்குத் துண்டு கொடுத்துவிடும். முத்தின் நிறம் பெரும்பாலும் இந்தத் தானச் சிப்பியின் நிறத்தைப் பொறுத்தது. சுமக்கப்போகிற சிப்பி இடமும் உணவும் தருகிறது. மயில்கழுத்துப் பச்சை வேண்டுமானால் மயில்கழுத்துப் பச்சை உள்ள சிப்பியைத்தான் பலி கொடுக்க வேண்டும். தானச் சிப்பியின் ஓடு மேசை ஓரத்தில் கிடந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். அன்றைக்கு வைக்கிற ஒட்டுகளின் முத்து என்ன நிறத்தில் வரும் என்பது அதில் தெரியும்.

அடுத்தது சுமக்கும் சிப்பி. வயது இரண்டு மூன்றாவது ஆகியிருக்க வேண்டும். தானாக வாய் திறக்கும் நேரம் பார்த்துச் சிறிய ஆப்பைச் செருகி, தாங்கியில் மாட்டி, விரிப்பானால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மட்டும் திறப்பார்கள். அதற்கு மேல் திறந்தால் மூடுதசை கிழிந்துவிடும், சிப்பி பிழைக்காது. பிறகு சிப்பியின் பாதத்தின் அடியில் சிறு கீறல். அங்கிருந்து இனப்பெருக்க உறுப்புக்குள் மெல்லிய குழிவான கருவியால் வழி போட்டு, துண்டையும் மணியையும் உள்ளே வைப்பார்கள். துண்டு மணியைத் தொட்டிருக்க வேண்டும், அதிலும் சுரக்கும் பக்கம் மணியைப் பார்த்திருக்க வேண்டும். மறுபக்கமாக விழுந்தாலோ, இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தாலோ இரண்டு வருட உழைப்பு வீண். தேர்ந்த கை ஒரு சிப்பியை ஒரு நிமிடத்தில் முடித்துவிடும். ஒரு நாளில் முந்நூறு நானூறு சிப்பி முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்த மணி எதனால் ஆனது என்று கேட்டால் பலர் ஆச்சரியப்படுவார்கள். அது முத்தும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை. வழக்கமாக அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையில் கிடைக்கும் நன்னீர்ச் சிப்பியின் தடித்த ஓட்டைக் கடைந்து உருட்டியது. அடர்த்தியிலும் விரிவடையும் தன்மையிலும் அதன் மேல் படியும் பூச்சான முத்துப் படலத்துக்கு ஒத்துவருவதால், பின்னால் துளையிடும்போதும் விரிசல் விடாது. முதல் ஒட்டுக்குக் கருவிளிம்புச் சிப்பியில் ஆறு மில்லிமீட்டர் அளவில் மணி வைப்பது வழக்கம். எனவே கடையில் பத்து மில்லிமீட்டர் முத்தைப் பார்க்கும்போது, அதில் எவ்வளவு மணி, எவ்வளவு படலம் என்று மனதில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விற்கிறவர் இதைத் தானாகச் சொல்லமாட்டார்.

மேசையருகே நிற்கும்போது சில ஒழுங்குகள். பளிச்சென்று ஃபிளாஷ் வேண்டாம், ஒட்டு வைப்பவரின் கண் விளக்கின் கீழ் அந்தச் சிறு துவாரத்தில் பதிந்திருக்கும். சன்ஸ்கிரீன் பூசிய கையால் எந்தச் சிப்பியையும் தொடாதீர்கள். கேள்வியை ஒரு சிப்பி முடிந்து அடுத்தது ஏறும் இடைவெளியில் கேளுங்கள்.

எது தவறும், ஏன் தவறும்

ஒட்டு வைத்த சிப்பியை வலைப்பையில் இட்டுச் சுமார் நாற்பது நாள் வைத்திருப்பார்கள். அந்த வலையின் அடியில் கிடக்கும் மணிகளை எண்ணினால் எத்தனை சிப்பி துப்பிவிட்டது என்று தெரிந்துவிடும். சில சிப்பிகள் காயம் ஆறாமல் செத்தும் போகும். எஞ்சியவை கடலுக்குத் திரும்பிப் பதினெட்டு முதல் இருபத்து நான்கு மாதம் இருக்கும். நூற்றுக்கு எத்தனை தேறும் என்று பண்ணைக்காரரிடமே கேளுங்கள். எண்ணைச் சொல்லத் தயங்காதவர்கள் பொதுவாக மற்றதையும் மறைக்க மாட்டார்கள்.

அறுவடை பார்க்கக் கிடைத்தால் விற்பனைத் தட்டை விட்டுவிட்டுக் கழித்துப் போடும் தட்டைக் காட்டச் சொல்லுங்கள். பார்வையாளர்கள் பெரும்பாலும் கேட்காமல் விடுகிற விஷயம் இதுதான், ஆனால் முத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ள இதைவிடச் சிறந்த இடம் இல்லை. ஒவ்வொரு குறைக்கும் ஒரு காரணம் இருக்கிறது. சுற்றிலும் வளையம் வளையமாகக் கோடு ஓடும் முத்து: பைக்குள் முத்து ஒரே அச்சில் சுழன்றிருக்கிறது, பையில் இருந்த ஒரு சிறு மேடோ பள்ளமோ சுழற்சி முழுவதும் கோடு இழுத்துவிட்டது. வால் முளைத்த முத்து: ஒட்டுத் துண்டு மணியோடு சரியாகச் சேரவில்லை, பை ஒரு பக்கம் நீண்டுவிட்டது. மேலே ஊசிக்குத்துப் புள்ளிகள்: பையில் சில இடங்களில் சுரப்பு தடைப்பட்டிருக்கிறது. சுண்ணாம்புபோல மங்கிய திட்டு: நல்ல படலத்துக்குப் பதில் வேறு வகைக் கால்சியம் சுரந்திருக்கிறது. கோணல் வடிவ பரோக் முத்துகளைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. ஒளி நன்றாக இருந்தால் உருண்டையைவிட அவைதான் பார்க்கச் சுவாரசியமானவை, விலையும் குறைவு. மணியைத் துப்பிய பிறகும் சதை மட்டும் உள்ளே தங்கிப் பை உருவாகிவிட்டால், முழுக்கப் படலமாகவே ஆன சிறு முத்து கிடைக்கும். இதை கேஷி என்பார்கள். வடிவம் எப்படியோ, ஒளி அபாரம்.

நல்ல முத்து தந்த சிப்பியைக் கொல்லமாட்டார்கள். முத்தை எடுத்த அதே பைக்குள் எடுத்த முத்தின் அளவுக்கே புது மணியை வைத்து மறுபடி கடலுக்கு விடுவார்கள். பை ஏற்கெனவே இருப்பதால் ஒட்டுத் துண்டு தேவையில்லை. பெரிய முத்துகள் இப்படித்தான் வருகின்றன. ஆனால் சிப்பிக்கு வயது ஏற ஏற முத்தின் ஒளி குறையும். அளவு பெரியதா, ஒளி நல்லதா என்று தேர்ந்தெடுக்க வேண்டி வரும்போது ஒளியைத் தேர்ந்தெடுப்பதே சரி என்பது எங்கள் கட்சி.

சில பண்ணைகள் பயணி ஒரு சிப்பியைத் தேர்ந்து திறக்கச் சொல்லி, உள்ளே உள்ளதை அவருக்கே தரும். கண்முன் கயிற்றிலிருந்து எடுத்த சிப்பி என்றால் வேடிக்கைக்குச் செய்யலாம். முதலீடாக நினைக்காதீர்கள், சிறந்த சிப்பிகளை இந்த விளையாட்டுக்கு யாரும் ஒதுக்குவதில்லை. கடைத்தெருவில் டப்பாவிலோ பாட்டிலிலோ அடைத்த சிப்பியைத் திறந்து முத்தெடுக்கும் விளையாட்டு வேறு. அந்தச் சிப்பியில் முத்தை யாரோ பிறகு செருகியிருப்பார்கள், பெரும்பாலும் நிறமேற்றிய மலிவான நன்னீர் முத்து. அதைப் பண்ணை முத்து என்று நினைத்து வாங்க வேண்டாம்.

வாங்குவதாக இருந்தால்

முதல் விதி: நிறமில்லாத சுவருக்கு அருகே, வெயில் நேரடியாக விழாத ஜன்னலோரத்தில் வைத்து முத்தைப் பாருங்கள். கடையின் மஞ்சள் விளக்கு எந்த முத்தையும் அழகாக்கும். முத்து கண்ணாடிபோலச் சுற்றியுள்ளதை வாங்கிக் காட்டும், ஆகவே அன்றைக்குப் போட்டிருக்கும் சட்டை சிவப்பாக இருந்தால் முத்தும் சிவக்கும். வெள்ளையோ சாம்பலோ உடுத்திப் போங்கள். வெள்ளைத் துணியில் முத்தை உருட்டிப் பாருங்கள், சுற்றுகிற பாதை வளைகிறதா என்று தெரியும்.

நகைக்காரர்கள் நீரோட்டம் என்று சொல்வது முத்தில் பிரதிபலிப்பாகத் தெரியும். ஜன்னலின் விளிம்பு முத்தின் மேல் கூர்மையாகப் பதிகிறதா, மங்கிக் கலைகிறதா? கூர்மையாக இருந்தால் படலத்தின் தகடுகள் ஒழுங்காக அடுக்கியிருக்கின்றன. ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள ஆயிரக்கணக்கான கால்சியம் கார்பனேட் தகடுகள்தான் இந்த ஒளிக்குக் காரணம். படலம் மெல்லியதாக இருந்தால் முத்தைப் பலமான வெளிச்சத்தில் மெல்லச் சுழற்றும்போது உள்ளே இருக்கும் மணியின் பட்டைகள் விட்டு விட்டு மின்னும். அப்படி மின்னினால் வாங்காதீர்கள். டாஹிட்டி முத்துக்கு 0.8 மில்லிமீட்டர் படலம் என்பது நெடுநாள் அளவுகோல். தென்கடல் முத்தில் அதைவிடத் தடிப்பாக இருக்கும், அகோயாவில் குறையும்.

பல்லில் தேய்த்தால் நறநறக்கும் என்ற சோதனை பொய் முத்தைக் கண்டுபிடிக்கப் போதும். ஆனால் வளர்ப்பு முத்தும் நறநறக்கும், இயற்கை முத்தும் நறநறக்கும், அவற்றைப் பிரிக்க எக்ஸ்-ரே வேண்டும். பண்ணையில் வாங்குவது எல்லாமே வளர்ப்பு முத்துதான் என்பதால் இந்தக் குழப்பம் இங்கே வராது. சாயமேற்றியதைக் கண்டுபிடிக்க, உருப்பெருக்கிக் கண்ணாடியால் துளையின் விளிம்பையும் புள்ளிகளையும் பாருங்கள். அங்கே நிறம் தேங்கி நிற்கும். துளையிட்ட முத்தில் கடைக்காரர் துளையை எங்கே போட்டிருக்கிறார் என்பதும் கவனிக்க வேண்டியது. கெட்ட புள்ளி இருந்த இடத்தில்தான் துளை போடுவார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, நல்ல தொழில் பழக்கம் அது. காதணிக்கு எடுப்பதாக இருந்தால் துளையிடாத முத்தாகப் பார்த்து, உங்கள் கண்முன்னே துளையிடச் சொல்வது நல்லது.

மாலை வாங்குவது கடினமான காரியம். ஒரே நிறம், ஒரே ஒளி, ஒரே அளவில் நாற்பது ஐம்பது முத்து சேர்ப்பதற்கு ஒரு பண்ணையின் ஓர் அறுவடை போதாமல் போவது உண்டு. சிறு பண்ணையில் தனி முத்தோ ஒரு ஜோடியோ வாங்குவதே பொருத்தம். ரசீதில் சிப்பியின் வகை, மில்லிமீட்டர் அளவு, நிறமூட்டப்படவில்லை என்ற வாசகம் எழுதி வாங்குங்கள்.

படகு, உடை, தண்ணீர்

சன்ஸ்கிரீன் விஷயத்தில் கவனம் வேண்டும். பவளத்துக்குக் கேடு என்று கருதப்படும் ஆக்சிபென்சோன் என்ற வேதிப்பொருள் கலந்தவற்றைப் பலாவ் 2020இலும் ஹவாய் 2021இலும் தடை செய்தன. தண்ணீரில் இறங்குவதானால் பூசுவதைவிட நீளக் கை சட்டை போடுவது எளிது. காலுக்கு அடிப்பாகம் தடித்த செருப்பு வேண்டும்: படகுத் தளம் வழுக்கும், கொட்டலசு கத்திபோல அறுக்கும், பாறைக்கு அருகே விஷ முள்ளுள்ள கல்மீன் இருக்கலாம். கயிற்றருகே முகமூடி மாட்டி நீந்த விட்டால் கயிற்றைப் பிடித்துத் தொங்காதீர்கள், துடுப்புச் செருப்பு சிக்கிக்கொள்ளாமல் எட்டியே நீந்துங்கள். உருளையில் காற்று சுமந்து ஆழத்தில் மூழ்கினால் அதற்குப் பிறகு ஒரு முழு நாள் விமானம் ஏறக்கூடாது, தீவிலிருந்து தீவுக்குப் பறக்கும் சின்ன விமானமும் இதில் சேரும்.

வீட்டுக்குக் கொண்டு வரும்போது

முத்து மென்மையானது. கடினத்தன்மை மோஸ் அளவில் 2.5 முதல் 4.5 வரைதான், பையில் வேறு நகையோடு உரசினால் கீறிவிடும். மெல்லிய துணிப் பையில் தனியே வையுங்கள், காற்றுப் புகாத பிளாஸ்டிக்கில் பல மாதம் அடைக்க வேண்டாம். வாசனைத் திரவியம், முடிக்குத் தெளிக்கும் திரவம், வினிகர், நீச்சல்குளத்து நீர் எதுவும் பட வேண்டாம். அணிந்து கழற்றியதும் ஈரத் துணியால் துடைத்து உலர வைத்தால் போதும். நகை கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போடவே கூடாது. மாலையைப் பட்டு நூலில் ஒவ்வொரு முத்துக்கும் இடையே முடிச்சிட்டுக் கோத்திருந்தால், அடிக்கடி அணிகிறவர்கள் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை நூலை மாற்றிக்கொள்ளலாம்.

முத்துச் சிப்பி, அழியும் அபாயமுள்ள உயிரினங்களுக்கான சர்வதேச வாணிபக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லை. ஆனால் அதே தீவுக் கடையில் கிடைக்கும் ராட்சதச் சிப்பி ஓடும் பெரும்பாலான கல்பவளமும் அதில் உண்டு. உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லையில் பறிபோகும். கடலாமை ஓட்டில் செய்தவற்றைத் தொடவே வேண்டாம்.

பண்ணையில் காலியான ஓட்டைத் தந்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அப்படியே பெட்டியில் வைத்தால் மறுநாள் துணியெல்லாம் நாறும். உள்ளே ஒட்டியிருக்கும் மூடுதசை எச்சத்தைக் கத்தியின் மழுங்கிய பக்கத்தால் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்து, நிழலில் இரண்டு நாள் உலர விடுங்கள். பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள், படலத்தின் தகடுகளை ஒட்டி வைத்திருக்கும் புரதத்தை அது தின்றுவிடும். ஓடு வெளுத்துப் பொடியும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வழியாகத் திரும்புவதானால் சுத்தமான ஓட்டையும் வந்திறங்கும் படிவத்தில் குறிப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.